ஆல் பாஸ் வருஷத்துச் சராசரி

பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு நடந்துவந்தது. பங்குச் சந்தையைப் பற்றிய வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் இசக்கியம்மாள், முப்பத்திரண்டு வயது. வகுப்பில் வயதில் மூத்தவர் தங்கையா. போன வருஷம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

இசக்கியம்மாளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அதனால் முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. அவள் மாடிப்படி ஏறி வந்ததும் தங்கையா எழுந்து நின்றார்.

"சார், உக்காருங்க. நீங்க நின்னா எனக்குப் பாடமே வராது."

"டீச்சர் வந்தா எந்திரிக்கணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நான்தானே. நானே மீறலாமா?"

ரொம்ப நேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாடியில் இருக்கும்வரை அவள் டீச்சர். கீழே இறங்கிச் செருப்பை மாட்டிவிட்டால் இசக்கி. அவளுக்கு மட்டும் மேலேயும் கீழேயும் அவர் சார்தான். அதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

மும்பையில் ஒரு நிதி நிறுவனத்தில் துறை துறையாகக் கம்பெனிகளை எடைபோடும் வேலையில் பல வருஷம் இருந்தவள் இசக்கி. ஊருக்குத் திரும்பிய பிறகு அதே வேலையை இந்த மாடியிலிருந்து செய்துகொண்டிருந்தாள். கீழே தையல் கடை அவள் அத்தையுடையது. வகுப்பு நடக்கும்போது மெஷின் ஓடும் சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூடிப்போன டியூஷன் சென்டர் ஒன்றிலிருந்து வாங்கிய கரும்பலகை சுவரில் சாய்ந்திருக்கும்.

கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னதை யாரும் பார்த்ததில்லை.

செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த சுடலைமுத்து ஒருமுறை கேட்டான். "மேடம், அடுத்த வருஷம் எந்தத் துறை மேல போகும்?"

"உங்க கடைக்கு நாளைக்கு எந்தப் போன் உடைஞ்சு வரும்?"

"அது எப்படி மேடம் எனக்குத் தெரியும்?"

"ஆனா கடையில டிஸ்பிளே வாங்கி வச்சிருக்கீங்கல்ல?"

சுடலைமுத்து அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, "அன்னைக்கு மேடம் சொன்னது இப்பதான் சார் எனக்கு வந்து சேந்துச்சு" என்று தங்கையாவிடம் சொன்னான்.

தங்கையாவுக்கு அவளிடம் வேறொன்று பிடித்திருந்தது. தெரியாததை அவள் "தெரியாது" என்று சொல்லும் விதம். வெட்கமும் இருக்காது, பெருமையும் இருக்காது. தண்ணீர் குடிப்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் அவர் அந்தச் சொல்லை ஒரு வகுப்பின் முன்னால் சொன்னதில்லை. "அதை நாளைக்குப் பாப்போம்" என்றுதான் சொல்லுவார். நம்மிடம் படித்த பிள்ளை நமக்கு வராத ஒன்றை எங்கே கற்றுக்கொண்டது என்று நினைத்துக்கொள்வார். அதில் பொறாமை இல்லை. நல்ல மார்க் வாங்கிய விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிற சந்தோஷம்தான்.

சில வாரங்களுக்கு முன் அவள் பி.இ. விகிதம் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு பங்குக்கு வருஷம் ஒரு ரூபாய் லாபம். அந்தப் பங்கை வாங்கச் சந்தையில இருபது ரூபாய் கேக்கிறாங்க. அப்ப அதோட பி.இ. இருபது. ஒரு ரூபாய் லாபத்துக்கு நாம என்ன விலை கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு துறையில இருக்கிற கம்பெனிகளையெல்லாம் சேத்துப் பாத்தா, அந்தத் துறைக்கு ஒரு பி.இ. கிடைக்கும். இன்னைக்கு இருக்கிற எண்ணை அந்தத் துறையோட பழைய எண்களோட வச்சுப் பாக்கலாம்."

"பாத்தா?" என்றான் சுடலைமுத்து.

"பாருங்க" என்றாள்.

தங்கையா பார்த்தார். சந்தை என்றாலே இரைச்சல் என்று நினைத்திருந்தவருக்கு இது அமைதியான இடமாகத் தெரிந்தது. மேலே விலை, கீழே லாபம். ஒரு பின்னம். பின்னங்களோடுதான் அவர் வாழ்க்கை முழுக்கப் போயிருந்தது. கிராஃப் தாள் கட்டு ஒன்று வாங்கினார். வங்கி, மருந்து, சிமெண்ட், ஓட்டல் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு தாள். பத்து வருஷப் புள்ளிகளை நீல மையில் வைத்து, கோடு இழுத்து, சராசரியைச் சிவப்பு மையில் போட்டார். சிவப்புக்கு மேலே இருந்தால் விலை கூடுதல். கீழே இருந்தால் மலிவு.

ஓட்டல் துறைத் தாளுக்கு வந்தபோது கை நின்றது. சராசரி அறுபது. இன்றைக்கு நாற்பத்தொன்று.

மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

அந்த வாரம்தான் லூர்து மேரி டீச்சர் போன் செய்தார். அதே பள்ளியில் உயிரியல் நடத்தியவர். கணவர் இறந்தபின் வந்த பணம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்தது. திங்கட்கிழமை அது முதிர்கிறது. மகள் பல் மருத்துவம் முதலாண்டு. மீதி வருஷங்களின் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்.

"பேங்க்ல வட்டி ஒண்ணும் காணாது சார். நீங்க இப்ப ஷேர் மார்க்கெட்டெல்லாம் படிக்கீயளாமே. எதுல போடலாம்?"

தங்கையா தாளை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "ஓட்டல் துறைக்குன்னே ஒரு ஃபண்ட் இருக்கு டீச்சர். அந்தத் துறையை ஒரு காலத்துல நூத்தித் தொண்ணூறு கொடுத்து வாங்கியிருக்காங்க. சராசரியே அறுபது. இப்ப நாப்பத்தொண்ணுதான்."

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். திங்கக்கிழமை போட்டுருதேன்."

"எதுக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"யாருகிட்ட?"

"எங்க டீச்சர்கிட்ட."

லூர்து மேரி சிரித்தார். தங்கையாவுக்கு ஒரு டீச்சர் இருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

போனை வைத்த பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற வார்த்தை மட்டும் தங்கையாவை விடவில்லை. விடையைச் சரிபார்த்தார். கூட்டல் சரி. வகுத்தல் சரி. திரும்பவும் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது முறையும் போட்டுப் பார்த்தார்.

ஞாயிறு வந்தது. தங்கையா சீக்கிரமே வந்து ஓட்டல் துறைத் தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் சாக்பீஸ் வைத்து அழுத்தினார்.

சுடலைமுத்து குனிந்து பார்த்தான். "என்ன சார், நெல்லையப்பர் கோயில் மாதிரி ரெண்டு கோபுரம் நிக்கு?"

"கோபுரம் இல்லடே. அது உச்சம். அந்த ரெண்டு வருஷம் ஜனங்க அவ்வளவு விலை கொடுத்திருக்காங்க."

"அவ்வளவு கொடுத்து வாங்கினவன் இப்ப எங்க சார் இருக்கான்?"

"எங்கயோ இருப்பான். உனக்கு என்ன?"

இசக்கி மேலே வந்தாள். தங்கையா எழுந்து நின்றார். அவளுக்கு அது பழகிவிட்டது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுபது, நாற்பத்தொன்று, திங்கட்கிழமை, லூர்து மேரி, பல் மருத்துவம். சொல்லி முடித்துவிட்டு, "டீச்சர், துறை மலிவுதானே? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

இசக்கி தாளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோடு எவ்வளவு சுத்தமா இருக்கு சார். அன்னைக்கு இருந்த மாதிரியே."

"கோடு கிடக்கட்டும். விடை?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், நம்ம ஸ்கூல்ல பத்தாம் வகுப்பு கணக்கு ரிசல்ட், நீங்க ரிட்டயர் ஆன வரைக்கும் பத்து வருஷச் சராசரி எவ்வளவு?"

இந்தக் கேள்வி எதற்கு என்று தங்கையாவுக்குப் புரியவில்லை. ஆனால் பதில் நாக்கு நுனியில் இருந்தது. "எழுபத்தொன்பது சதவீதம்."

"பத்து வருஷத்தையும் கூட்டி, பத்தால வகுத்தீங்களா?"

"பத்தால எப்படி வகுக்கது? எட்டால. நடுவுல ஆல் பாஸ் வருஷம் ரெண்டு வந்துச்சுல்லா."

"கொரோனா வருஷம்."

"ஆமா. பரீட்சையே நடக்கல. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத பயலும் பாஸ். அந்த நூறை எடுத்து என் கணக்குல சேத்தா, அது நூறா?" தங்கையாவுக்குப் பழைய சூடு ஏறியது. "ஹெட்மாஸ்டர் சேக்கச் சொன்னாரு. சேத்தா எம்பத்து மூணு வரும், முன்வாசல் போர்டுல எழுதிப்போட நல்லா இருக்கும்னாரு. முடியாதுன்னுட்டேன். அது பிள்ளைகள் எழுதி வாங்கின மார்க் இல்ல சார், நோய் வாங்கிக்கொடுத்த மார்க், அதை நான் சேக்க மாட்டேன்னேன். ரெண்டு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"கடைசியில போர்டுல எது வந்துச்சு?"

"எழுபத்தொன்பதுதான்."

சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. சுடலைமுத்து கூட மரியாதையாகப் பார்த்தான்.

இசக்கி பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தாள். வெள்ளை ரப்பர். அதைக் கிராஃப் தாளின் நடுவில் வைத்தாள்.

"அத்தை டீ போட்டிருப்பாங்க. வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மெஷின் சத்தம் நின்றது. கீழே யாரோ ரவிக்கை அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், அழிக்கச் சொல்லிட்டுப் போறாங்களா?" என்றான் சுடலைமுத்து. "மை அழியாதே."

தங்கையா ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாக இரண்டு கோபுரங்களுக்கும் மேலே உட்கார்ந்து அவற்றை மறைத்திருந்தது. கோபுரத்தின் அடியில் அவரே எழுதிய வருஷங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த வருஷங்களை அவர் படித்தார்.

பிறகு முகத்தைக் கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"சுடலை, அந்த வருஷம் ஊர்ல ஓட்டல் எதுவும் திறந்திருந்துச்சா?"

"எங்க சார்? போலீஸ்காரன் தெருவுலயே விடலையே. ஜங்ஷன் பக்கம் பெரிய லாட்ஜையெல்லாம் நோயாளிகளைத் தங்க வைக்க எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப லாபம்?"

"லாபமா? கரண்டு பில் கட்டியிருந்தாப் பெரிசு."

தங்கையா தன் பின்னத்தைப் பார்த்தார். மேலே விலை. கீழே லாபம். விலை அந்த வருஷம் விழுந்துதான் இருந்தது. பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. ஆனால் லாபம் அதைவிட வேகமாக, கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே போயிருந்தது. கீழ் எண் பூஜ்யத்தை நெருங்கினால் பின்னம் எங்கே போகும் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார். வானத்துக்குப் போகும், பிள்ளைகளா.

யாரும் நூற்றித் தொண்ணூறு கொடுத்து வாங்கவில்லை. வாங்க ஆளே இல்லாத வருஷம் அது. ஓட்டல் பங்குகள் ஓய்ந்து கிடந்த வருஷம்தான் அவர் தாளில் உச்சியாக நின்றது. அந்த உச்சியைக் காட்டித்தான் லூர்து மேரியிடம் தள்ளுபடி என்று சொல்லியிருந்தார்.

ரப்பரை எடுக்காமலே மீதி எட்டுப் புள்ளிகளையும் கூட்டினார். எட்டால் வகுத்தார்.

இருபத்தொன்பதரை.

இன்றைக்கு நாற்பத்தொன்று. தள்ளுபடி எங்கே? வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் விலை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஹெட்மாஸ்டரே சொல்லியும் சேர்க்காததை, ஒரு விதவையின் பணத்தில் யாரும் சொல்லாமலே சேர்த்திருந்தார்.

 கூட்டலை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அதே விடைதான்.

இசக்கி டீயோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"டீச்சர்" என்றார். "நீ வாயால சொல்லியிருந்தா நான் வாதாடியிருப்பேன்."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"உங்ககிட்டதானே படிச்சேன்."

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. லூர்து மேரி. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்திருப்பார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

தங்கையா இசக்கியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சாதாரணமாக அவர் இந்த இடத்தில் என்ன சொல்லுவார் என்று அவருக்கே தெரியும். அதை நாளைக்குப் பாப்போம்.

"டீச்சர், நான் சொன்னது தப்பு" என்றார் போனில். "ஓட்டல் மலிவு இல்ல. விலை கூடுதல். நான் சேக்கக்கூடாத வருஷத்தைச் சேத்துக் கணக்குப் போட்டுட்டேன். நாளைக்கு அதுல போடாதீங்க."

லூர்து மேரி பிள்ளைகள் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து கேட்டார்.

"நீங்க தப்பாப் போட்டீங்களா?"

"நானேதான்."

"சரி சார். பணம் பேங்க்லயே கிடக்கட்டும். எப்பப் போடலாம்?"

"இருபத்தொன்பதரைக்கு வந்தா நானே போன் பண்ணிச் சொல்லுதேன்."

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்ததும் அவர் வேகமாக எழுந்தார். கரும்பலகையில் பெரிதாக இருபத்தொன்பதரை என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். வகுப்பில் விடையைக் கட்டம் போட்டு அடைப்பது அவர் பழக்கம். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் அடைப்பார்கள்.

"புடிச்சுட்டேன் டீச்சர். கெட்ட வருஷத்தைத் தள்ளணும். மீதிக்குச் சராசரி எடுக்கணும். அதுக்கு மேல இருந்தா வேண்டாம். கீழ வந்தா வாங்கலாம். சரிதானே?"

சுடலைமுத்து அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

இசக்கி கட்டத்தையே பார்த்தாள். "நல்லா இருக்கு சார். அந்த எழுபத்தொன்பதும் நல்ல எண்தான். வர்ற மார்ச்சுல நம்ம ஸ்கூல் எழுபத்தொன்பது வாங்குமா?"

"அது எப்படி வாங்கும்?"

"ஏன் சார்?"

"நான் இல்லையே."

சுடலைமுத்துவுக்கு டீ புரையேறியது. தங்கையாவும் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதடே. அது மட்டும் இல்ல. இங்கிலீஷ் மீடியம் தனியாப் பிரிச்சாச்சு. கெட்டிக்காரப் பிள்ளைகள்ல பாதி அங்க போயிட்டு. புதுசா வெளிமாநிலத்துல இருந்து வந்து வேலை பாக்கிறவங்க பிள்ளைகள் நிறையச் சேந்திருக்கு. அதுகளுக்குத் தமிழே இப்பதான் வருது. ஆனா அதுல ரெண்டு கணக்குல புலி. இது வேற பள்ளிக்கூடம் டீச்சர். பேருதான் அதே பேரு."

சொல்லி முடித்ததும் அவர் குரல் தானாக இறங்கியது. இந்தமுறை ரப்பர் தேவைப்படவில்லை.

"அந்தத் துறையில பத்து வருஷத்துக்கு முன்னால யாரெல்லாம் இருந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பெரும்பாலும் சொந்தமா நிலம் வாங்கி, கட்டிடம் கட்டி நடத்தினவங்க" என்றாள் இசக்கி. "கடன் கழுத்து வரைக்கும் இருக்கும். அதுல சிலர் இப்ப இல்லை. இப்ப இருக்கிறதுல பெரியவங்க கட்டிடமே வச்சுக்கிறதில்லை. வேற ஒருத்தர் கட்டின ஓட்டலுக்குப் பேரையும் ஆளையும் கொடுத்து நடத்துறாங்க. போன் வழியா அறை பதிவு பண்ணிக்கொடுக்கிற கம்பெனி ஒண்ணும் உள்ள வந்திருக்கு. அதுக்கு ஒரு கட்டில்கூடச் சொந்தம் கிடையாது."

"எல்லாம் ஓட்டல் துறைதான்."

"பேரு அதேதான் சார்."

தங்கையா கட்டத்துக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் தெளிவாக இருந்தது. இப்போது யாருடைய எண் என்றே தெரியவில்லை. இதை நம்பித்தான் லூர்து மேரி காத்திருப்பார். இருபத்தொன்பதரை வரும்வரை, அது வராமலே போனாலும். அல்லது துறையே கெட்டுப்போய் அந்த எண் வந்தாலும், அதை நம்பிப் பணத்தைப் போட்டுவிடுவார்.

"அப்போ இந்த நாப்பத்தொண்ணு கூடவா, குறைவா?"

"தெரியாது சார்" என்றாள். தண்ணீர் குடிப்பது போல.

"உனக்குமா தெரியாது?"

"இந்தத் தாளை வச்சுத் தெரியாது."

"அப்ப பத்து வருஷத்தையும் பாக்கச் சொன்னது எதுக்கு?" அவர் குரலில் கோபம் இல்லை. பரீட்சை நாள் காலையில் பிள்ளைகள் கேட்கும் குரல் அது. "பழசும் உதவாது, சராசரியும் உதவாதுன்னா, நான் அந்த அம்மாகிட்ட எதை வச்சு என்ன சொல்ல?"

இசக்கி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், எங்க அப்பா ஒருநாள் உங்களைப் பாக்க ஸ்கூலுக்கு வந்தாரு. ஞாபகம் இருக்கா?"

தங்கையா யோசிக்கவில்லை. "லோடு ஆட்டோவை கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு, காக்கிச் சட்டையோட வாசல்ல நின்னாரு. உள்ள வரச் சொன்னா வர மாட்டேன்னாரு."

"என்ன கேட்டாரு?"

"இவ தேறுவாளா சார், இல்ல என் தங்கச்சி கடையில தைக்க விட்டுரட்டுமான்னு கேட்டாரு."

கீழே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"அந்த வருஷம் என் மார்க் என்ன சார்?"

தங்கையா தயங்கினார். "எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"காலாண்டுல இருபத்திரண்டு. அரையாண்டுல இருபத்தெட்டு."

"நடுவுல ஒரு டெஸ்ட்ல எழுபது. அது நியாயமா வந்ததா?"

"இல்ல. கேள்வித்தாள் முந்தின நாளே வெளிய போயிருந்துச்சு. அந்த டெஸ்ட்டையே நான் கணக்குல எடுக்கல."

"அதைத் தள்ளிட்டா என் சராசரி இருபத்தஞ்சு. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. சராசரிப்படி நான் இப்ப கீழ இருக்கணும். அத்தை பக்கத்துல." அவள் சிரித்தாள். "நீங்க எங்க அப்பாகிட்ட அந்த இருபத்தஞ்சைச் சொன்னீங்களா?"

"சொல்லல."

"உங்களுக்குத் தெரியாம இருந்துச்சா?"

"எனக்கா? ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாத் தெரியும்."

"அதைப் பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

தங்கையா கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.  சுடலைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவருக்கு எல்லாம் தெளிவாக வந்தது. மத்தியானம். வாசலில் காக்கிச் சட்டை. இருபத்தைந்து என்ற எண் அவர் தலைக்குள் இருந்தது. அது இருந்ததால்தான் கவலையே வந்தது. கவலை வந்ததால்தான் முன்பெஞ்சிலிருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். இசக்கி, இங்க வா. சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, அப்பா பார்க்க, ஒரு கணக்கைச் சொன்னார். அவள் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். வகுப்பு சிரித்தது. அவர் சிரித்தவர்களை அதட்டினார், அவளுக்கு உதவவில்லை. மணி அடித்தது. அவள் நகரவில்லை. மூன்றாவது முறை எழுதி முடித்து, விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"படிக்கட்டும்" என்று காக்கிச் சட்டையிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

"ரெண்டு தடவை நீயே அழிச்ச" என்றார் இப்போது. "யாரும் தப்புன்னு சொல்லல."

இசக்கி தலையாட்டினாள்.

தங்கையா எழுந்து கரும்பலகைக்குப் போனார். தான் போட்ட கட்டத்தையும், அதற்குள் இருந்த இருபத்தொன்பதரையையும் உள்ளங்கையால் அழித்தார். சுண்ணாம்புத் தூள் சட்டைக் கையில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

"டீச்சர்" என்றார், பலகையைப் பார்த்தபடியே. "கடைசியாக் கேக்கேன். லூர்து மேரிகிட்ட நான் என்ன சொல்லணும்?"

இசக்கி எழுந்து வந்து, கிராஃப் தாளின் மூலையில் இருந்த ஒரு சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அன்னைக்கு என்னைக் கூப்பிட்டீங்க சார். இந்த ஓட்டல் கம்பெனிகள்ல ஒண்ணைக்கூட இன்னும் பலகைக்குக் கூப்பிடலையே."